உணர்ச்சி அறிவியல்: எங்கெல்லாம் தடுக்கி விழுகிறோம்

மூளையில் பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'அமிக்டலாவில்' என்று பட்டென்று சொல்கிறவர்கள் இப்போது நிறைய. பாதாம் பருப்பு மாதிரி இருக்கும் சின்னப் பகுதி அது, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அது பழுதானால் பயமே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அதிகம் பரவியிருக்கும் தவறு இதுதான்.

அமெரிக்காவில் ஒரு பெண்மணி. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயர் எஸ்.எம். மட்டும்தான். அரிய நோய் ஒன்றால் அவருடைய இரண்டு அமிக்டலாக்களும் சிதைந்துவிட்டன. பிராணிகள் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பாம்பைக் கையில் வாங்கித் தடவினார், அதன் நாக்கைத் தொட்டார், பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சரி, பயம் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடலாமா? 2013-இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கவைத்தார்கள். 'காப்பாற்றுங்கள்' என்று கத்தி, முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கையசைத்தார். அதே பாதிப்புள்ள இரட்டைச் சகோதரிகளும் அப்படித்தான் பதறினார்கள். பாம்பு வெளியே இருக்கிற ஆபத்து; மூச்சுமுட்டல் உடம்புக்குள்ளேயே கிளம்புவது. அதற்கு அமிக்டலா இல்லாமலும் பயம் வருகிறது.

அடுத்தது முகம். 1960-களில் உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, சில முகபாவங்கள் உலகம் முழுக்கப் பொது என்றார். அதை நீட்டி, முகத்தைப் பார்த்தால் மனது தெரியும் என்று ஆக்கிவிட்டோம். வரவுசெலவு பார்க்கும்போது என் முகத்தைப் பார்ப்பவர்கள் கோபம் என்பார்கள். பாவம், கூட்டல் இடிக்கிறது, அவ்வளவுதான். முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று 2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட் குழுவினர் விரிவாக எழுதினார்கள். வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கண்டறியும் மென்பொருளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது.

அப்புறம், உணர்ச்சி என்றால் என்ன என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை ஒன்று இருக்கிறது என்று நம்புவது. 1981-லேயே இரண்டு ஆய்வாளர்கள் தேடித் தொகுத்தபோது 92 வரையறைகள் கிடைத்தன. சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: உடம்பில் நடப்பதா, உள்ளே உணரப்படுவதா? ஆபத்தைக் கண்ட எலி அசையாமல் உறைந்து நிற்பதை நாம் பார்க்கலாம். அது பயப்படுகிறது என்பது நம் ஊகம். எலிகளில் அமிக்டலாவை ஆராய்ந்தே பெயர்பெற்ற ஜோசஃப் லெடூ, பின்னாளில் அதை 'பயம்' என்று சொல்வதையே விட்டுவிட்டு 'அச்சுறுத்தலுக்கான எதிர்வினை' என்று எழுதத் தொடங்கினார்.