‘தெரியாது’ என்பவரிடம் நாத்திகர்கள் செய்யும் தவறுகள்

நான் நாத்திகன். கீழே எழுதியிருக்கிற தவறுகளில் பாதியை நானே செய்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

“கடவுள் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க” என்று ஒருவர் சொன்னால் போதும், எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். ஒன்று, மதில்மேல் பூனை என்று கிண்டல் செய்வோம். இல்லையென்றால் “நீயும் நம்ம ஆள்தான், வெளியே சொல்ல வெட்கப்படுற” என்று தோளில் கைபோட்டு இழுப்போம். தமிழில் இவர்களை அறியொணாவாதிகள் என்று எழுதுகிறார்கள், பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் அக்னாஸ்டிக் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: இரண்டு கேள்விகளை ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்வது. ‘உனக்குத் தெரியுமா?’ என்பது ஒன்று, ‘நீ நம்புகிறாயா?’ என்பது இன்னொன்று. ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு புளியமரத்தில் முனி இருக்கும். அந்த மரத்தில் முனி இல்லை என்று உறுதியாக உனக்குத் தெரியுமா என்று கேட்டால், கிளை கிளையாக ஏறிப் பார்த்தவன் இல்லை நான், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். சரி, நம்புகிறாயா? இல்லை. இரண்டு பதிலும் ஒரே ஆளிடமிருந்து, முரண்பாடே இல்லாமல் வருகின்றன. நிறைய நாத்திகர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், ‘கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டேன்’ என்பவர்கள் குறைவு. ஆகவே நாத்திகனுக்கும் அக்னாஸ்டிக்குக்கும் நடுவில் சுவர் எழுப்பி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்பதே சரியாக வராது.

ஒற்றையா இரட்டையா ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மூடிய கைக்குள் புளியங்கொட்டை. ‘ஒற்றை’ என்று ஒருத்தி அடித்துச் சொல்கிறாள், எதை வைத்துச் சொல்கிறாய் என்று நான் நம்ப மறுக்கிறேன். அதனால் நான் ‘இரட்டை’ என்று சொன்னதாக ஆகிவிடாது. பக்தர்கள் நம்மிடம் செய்யும் தவறு இது, நம்பாமை என்பதை எதிர்நம்பிக்கையாக மாற்றிவிடுவார்கள். ஆனால் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் கைக்குள் இருப்பதில் வாய்ப்பு பாதிக்குப் பாதி, முனி விஷயத்தில் அப்படியா? ‘தெரியாது’ என்று வாயால் சொன்னவுடன் தராசு நடுவில் நின்றுவிடுவதில்லை. அக்னாஸ்டிக் என்றாலே ஐம்பதுக்கு ஐம்பது என்று நினைப்பது இன்னொரு தவறு. அவர்களிலும் ‘அநேகமாக இருக்காது’ என்பவர் உண்டு, ‘இருக்கலாம்’ என்று சாய்பவர் உண்டு, தெரியாது என்றாலும் நம்புகிறேன் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவரும் உண்டு. கடைசி ஆளையும் ‘நம்ம ஆள்’ கணக்கில் எழுதிக்கொள்ளும் நாத்திகர்களை என்ன சொல்வது!

அப்புறம் கோழை என்ற பட்டம். இது பழைய பாட்டு. கேட்டால் நழுவிப் பதில் சொல்கிறவர்களை பௌத்த நூல்கள் விலாங்கு என்று கேலி செய்தன, பயத்தால் நழுவுகிறவர், மந்த புத்தியால் நழுவுகிறவர் என்று வகை வேறு பிரித்து வைத்தன. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரிலும் சொல்வோமே, அதேதான். 1881-இல் டார்வின் வீட்டுக்குப் போன ஆங்கில நாத்திகப் பேச்சாளர் எட்வர்ட் ஏவ்லிங், அக்னாஸ்டிக் என்பது நாத்திகத்தின் மரியாதையான பெயர்தான் என்று அவரிடமே வாதாடினார். ஏன் இவ்வளவு ஆவேசம் என்பது போல டார்வின் கேட்டாராம். இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு கடிதத்தில், தன் மனநிலைக்கு அக்னாஸ்டிக் என்ற சொல்தான் பொருந்தும் என்று அவர் எழுதியிருந்தார். 1892-இல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் ஒருபடி மேலே போய் அதை வெட்கப்படும் பொருள்முதல்வாதம், அதாவது எல்லாம் பருப்பொருள்தான் என்று வெளியே சொல்லக் கூசும் கொள்கை என்றார்.

ஆனால் 1869-இல் லண்டனில் அந்தச் சொல்லையே உருவாக்கிய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியைப் பாருங்கள். 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸோடு பரிணாமத்துக்காக நேருக்கு நேர் மோதியவர். அவரையா கோழை என்பது? அவரைச் சுற்றியிருந்த எல்லோரும் ஏதோ ஒரு ‘இசம்’ வைத்திருந்தார்கள், வால் அறுந்த நரி மாதிரி தான் மட்டும் நின்றதாக 1889-இல் வேடிக்கையாக எழுதினார். அவருக்கு அது ஒரு கொள்கையாக இல்லை, ஒரு வழிமுறை: சான்று இல்லாததைத் தெரியும் என்று சொல்லாதே, அவ்வளவுதான். நாம் மேடையில் பகுத்தறிவு என்று பேசுவதும் கிட்டத்தட்ட அதைத்தானே?

சொல்லப்போனால் ஆட்களைப் பிரிப்பதே சில இடங்களில் அபத்தமாகிவிடுகிறது. அமெரிக்காவில் சொற்பொழிவாளர் இங்கர்சாலுக்கு ‘மாபெரும் அக்னாஸ்டிக்’ என்று பெயர், நம் ஊரில் அவரை நாத்திகர் என்றே தெரியும், அவரோ இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ‘நாத்திகன்’ என்ற நம் சொல்லும் லேசுப்பட்டதில்லை, மனுஸ்மிருதியில் அது வேதத்தை இகழ்கிறவனைக் குறிக்கிறது. வேதச் சடங்குகளை விளக்கும், ஆனால் படைப்புக் கடவுள் தேவைப்படாத மீமாம்சைத் தத்துவம் அந்தக் கணக்கில் ஆத்திகம், பௌத்தமும் சமணமும் நாத்திகம். எனவே பழைய நூலிலிருந்து மேற்கோள் எடுத்து வாதம் செய்கிறவர்கள், அங்கே அந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது: “கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்” என்பதை அக்னாஸ்டிக் வாக்கியமாக எடுத்துவிடுவது. கொஞ்சம் நின்று படியுங்கள். கண்டவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். இது முழு பக்தி.

நாத்திகர் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ‘எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்பது அடக்கம். ‘யாருக்கும் எக்காலத்திலும் தெரியவே வழியில்லை’ என்பது பெரிய உரிமைகோரல், அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத்தான் வேண்டும். அதே மாதிரி, எந்தக் கடவுள் என்று கேட்காமல் பேசுவதும் உதவாது. தத்துவ அறிஞர்களிடம் பேசினால் நான் அக்னாஸ்டிக், தெருவில் போகிற சாதாரண மனிதரிடம் பேசினால் நாத்திகன் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றார் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். பழைய கிரேக்கக் கடவுளான ஜீயஸ் இல்லை என்று தன்னால் நிரூபிக்க முடியாது, அதற்காக ஜீயஸ் விஷயத்தில் தன்னை யாரும் அக்னாஸ்டிக் என்று அழைப்பதில்லையே என்பது அவர் பக்கத்து நியாயம். எனக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிந்த பதில் வேறில்லை.

இதே ரஸ்ஸல் 1918-இல் போர் எதிர்ப்புக்காக பிரிக்ஸ்டன் சிறைக்குப் போனபோது, வாசலில் இருந்த காவலர் விவரம் எழுதிக்கொண்டே என்ன மதம் என்று கேட்டார். அக்னாஸ்டிக் என்றார் இவர். அதற்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்ட காவலர் பெருமூச்சு விட்டுவிட்டு, “மதங்கள் எத்தனையோ இருக்கு, ஆனா எல்லாரும் கும்பிடறது ஒரே கடவுளைத்தான்னு நினைக்கிறேன்” என்றாராம். அந்த ஒரு வார்த்தை தன்னை ஏறத்தாழ ஒரு வாரம் உற்சாகமாக வைத்திருந்ததாக ரஸ்ஸல் எழுதியிருக்கிறார்.