ரிவெர்பை உங்கள் விருப்பப்படி வடிவமைப்பது: தனி டிராக், டக்கிங், கேட், ரிவர்ஸ்

ரிவெர்ப் (ஒலிக்கு ஓர் அறையின் எதிரொலிப்பைச் சேர்க்கும் விளைவு) என்றதும் "எந்த ப்ளக்-இன் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. ரிவெர்புக்கு முன்னால் எதை வைக்கிறோம், பின்னால் எதை வைக்கிறோம் என்பதில்தான் ஒலியின் வடிவமே இருக்கிறது. மென்பொருளோடு வரும் சாதாரண ரிவெர்பை வைத்தே இங்கே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் செய்வதைச் சொல்கிறேன். மற்றவற்றில் பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும்.

டிராக் திறப்பது, ப்ளக்-இன் ஏற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரிவெர்புக்குத் தனி டிராக்

குரல் டிராக்கின் மேலேயே ரிவெர்பைப் போடாதீர்கள். புதிய டிராக் ஒன்றைத் திறந்து அதில் ரிவெர்பை ஏற்றி, குரலிலிருந்து ஒரு சென்ட் (ஒலியின் நகலை இன்னொரு டிராக்குக்கு அனுப்பும் இணைப்பு) கொடுங்கள். ரிவெர்பில் டிரை (அசல் ஒலி) முழுக்க மூடியிருக்க வேண்டும், வெட் (எதிரொலிப்பு) மட்டும் வர வேண்டும். இனி இந்த டிராக்கை வெட்டலாம், நசுக்கலாம், திருப்பிப் போடலாம். அசல் குரலுக்கு ஒன்றும் ஆகாது.

படி 2: ப்ரீ-டிலே

ப்ரீ-டிலே என்பது எதிரொலிப்பு தொடங்குவதற்கு முன் விடும் இடைவெளி. 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும். 90 பிபிஎம் என்றால் சுமார் 667. அதில் பதினாறில் ஒரு பங்கு 42, எட்டில் ஒரு பங்கு 83. நான் 42-இல் தொடங்கி, போதவில்லை என்றால் 83-க்குப் போவேன். நேரடி ஒலிக்கும் முதல் எதிரொலிப்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், குரல் பக்கத்திலும் அறை பெரிதாகவும் கேட்கும். பூஜ்ஜியத்தில் விட்டால் பாடுபவர் அறையின் கடைசி மூலைக்குப் போய்விடுவார். அந்த விளைவே வேண்டும் என்றால் தாராளமாக விடுங்கள்.

டீகே நேரத்துக்கு, அதாவது ரிவெர்பின் வால் அடங்க எடுக்கும் நேரத்துக்கு, சூத்திரம் தேவையில்லை. அடுத்த வரி தொடங்குவதற்குள் வால் அடங்கினால் சரி.

படி 3: உள்ளே போவதைச் சுத்தம் செய்யுங்கள்

அபே ரோடு ஸ்டூடியோவின் பெயரால் வழங்கும் பழைய உத்தி ஒன்று உண்டு: ரிவெர்புக்குப் போகும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடுவது. மிக்ஸில் அடைசல் உடனே குறையும். நான் மேல்பக்கத்தை 7 வரைக்கும்கூடக் கொண்டுவருவேன்.

அதிர்வெண்களை வெட்டும் இந்த ஈக்யூவை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் பெரும்பாலும் ஒரே பலன்தான். ஆனால் டீ-எஸ்ஸர் கண்டிப்பாக முன்னால்தான் வர வேண்டும். 'ஸ', 'ஷ' எழுத்துகளின் சீறல் ரிவெர்புக்குள் போய் இரண்டு செகண்டுக்குப் பரவிவிட்டால், அப்புறம் எந்த டீ-எஸ்ஸராலும் அதைப் பிடிக்க முடியாது.

படி 4: டக்கிங்

நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். நமக்கு வேண்டியது இது: சொல் ஒலிக்கும்போது ரிவெர்ப் தணிய வேண்டும், சொல் முடிந்ததும் எழும்ப வேண்டும். இது அமைந்துவிட்டால் நீளமான ரிவெர்பிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

ரிவெர்ப் டிராக்கின் சானல் எண்ணிக்கையை 4 ஆக்குங்கள். குரலிலிருந்து இரண்டாவது சென்ட் ஒன்று கொடுத்து, அதன் இலக்கை 3/4 (மூன்றாவது, நான்காவது சானல்) என்று வையுங்கள். இந்த இரண்டாவது சென்ட் ப்ரீ-ஃபேடராக (ஃபேடருக்கு முன்னாலிருந்தே ஒலியை எடுப்பதாக) இருக்கட்டும். குரல் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் டக்கிங்கின் அளவு மாறாது. ரிவெர்புக்குப் போகும் முதல் சென்ட் போஸ்ட்-ஃபேடராகவே இருக்க வேண்டும்.

ரிவெர்புக்குப் பின்னால் ரியாகாம்ப் என்ற கம்ப்ரசரை (உரத்த ஒலியைத் தணிக்கும் கருவி) போட்டு, எந்த ஒலியைக் கேட்டு அது இயங்க வேண்டும் என்று சொல்லும் டிடெக்டர் இன்புட்டில் ஆக்ஸிலரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கம்ப்ரசர் குரலைக் கேட்காது, ரிவெர்பையே கேட்டு ரிவெர்பையே நசுக்கும். மீட்டர் ஆடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றே தோன்றும். சோதிக்க ஒரு வழி: 3/4 சென்டை மட்டும் மியூட் செய்யுங்கள். மீட்டர் அசையாமல் நின்றால் இணைப்பு சரி. அப்போதும் ஆடினால் டிடெக்டர் தவறு.

ரேஷியோ 4:1, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (தணிப்பு விலக எடுக்கும் நேரம்) 250. சொற்கள் வரும்போது 6 முதல் 8 டெசிபல் வரை குறையும்படி த்ரெஷோல்டை (கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் அளவு) இறக்குங்கள். ரிலீஸை மட்டும் பாட்டோடு சேர்த்துக் கேட்டுத் திருத்துங்கள். மெதுவான பாட்டில் 400 வரை போனால்தான் வால் அவசரப்படாமல் எழும்பும்.

படி 5: ஸ்னேருக்கு கேட்

1979-இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ஆல்பப் பதிவு நடந்தது. டிரம்ஸ் பில் காலின்ஸ், ஒலிப்பதிவு ஹியூ பாட்கம். வாசிப்பவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகக் கடுமையான கம்ப்ரசரோடு வைத்திருந்த டாக்பேக் மைக்கில் டிரம்ஸ் புகுந்து, பிரமாண்டமாகக் கேட்டது. அதை கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூடிக்கொள்ளும் கருவி) வைத்துச் சட்டென்று அறுத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளின் டிரம் ஒலிக்கு அது ஒரு முத்திரையாகிவிட்டது.

ஸ்னேர் டிரம்முக்கு நாம் செய்ய வேண்டியது: இரண்டு செகண்ட் ரிவெர்ப், அதன்பின் கடுமையான கம்ப்ரசர், அதன்பின் ரியாகேட். கேட்டைத் திறக்க வேண்டியது ரிவெர்பின் வால் அல்ல, அசல் ஸ்னேர்தான். இணைப்பு படி 4-இல் சொன்ன அதே 3/4 முறை. ஹோல்ட் (கேட் திறந்தே இருக்கும் நேரம்) 200 மில்லிசெகண்ட், ரிலீஸ் 20. ஸ்னேர் அடி குறுகியது என்பதால் வாலின் நீளத்தை ஹோல்டே தீர்மானிக்கும்.

படி 6: ரிவர்ஸ்

வரியின் முதல் சொல்லைத் தனி டிராக்குக்கு நகலெடுத்து, ரிவர்ஸ் செய்து, நீண்ட ரிவெர்பை வெட்டில் மட்டும் போட்டு ரெண்டர் எடுங்கள். அதை மறுபடி ரிவர்ஸ் செய்தால், சொல்லை நோக்கி ஒலி பெருகி வரும். ப்ரீ-டிலே பூஜ்ஜியமாக இருக்கட்டும், இல்லையென்றால் சொல்லோடு சரியாகப் பொருந்தாது.

கிளிப்பை எங்கே வைப்பது? திருப்பிய கிளிப்பின் முடிவு, அசல் சொல்லின் முடிவோடு பொருந்த வேண்டும். பொருத்திய பிறகு, சொல் தொடங்கும் இடத்திலிருந்து கிளிப்பை வெட்டிவிடுங்கள். முதலிலேயே தொடக்கத்தோடு பொருத்த முயன்றால் பெருக்கம் இடம் மாறிப்போகும்.

எனக்குப் பிடித்தவை

இதற்கெல்லாம், கணக்கீட்டாலேயே எதிரொலிப்பை உருவாக்கும் அல்காரிதமிக் ரிவெர்ப்தான் என் தேர்வு. அறையின் பதிவை வைத்து இயங்கும் கன்வல்யூஷன் ரிவெர்ப் உண்மையான அறையை அழகாகக் காட்டும், ஆனால் வளைக்க வளைய மாட்டேன் என்கிறது. மிதக்கும் பின்னணிக்கு இலவசமாகக் கிடைக்கும் வல்ஹல்லா சூப்பர்மாசிவ் அருமை. ஸ்னேருக்கு அது வேண்டாம், ஒலி எழும்பவே நேரமெடுக்கும்.

பின்சேர்க்கை

ரிவெர்ப் டிராக்கைத் திறந்ததும் குரல் சத்தமாகவும் உள்ளே வெறுமையாகவும் கேட்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிரை இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். அசல் குரல் இரண்டு முறை வந்து ஒன்றோடொன்று மோதுகிறது.

இன்னொருவருக்கு ரிவர்ஸ் செய்த கிளிப் திடீரென்று தொடங்கியது. ரெண்டர் எடுக்கும்போது வால் அறுபட்டிருக்கிறது. ரெண்டர் பெட்டியில் டெயில் என்பதை டிக் செய்து, டீகே நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மில்லிசெகண்டில் கொடுங்கள். 3 செகண்ட் டீகே என்றால் 4000 போதும்.