அடுத்த இயக்கம் எதற்கு? மாதர் சங்கக் கிளையில் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மார்ச் 8 நெருங்கினால் போதும், "இந்த வருஷம் எதை எடுக்கலாம்?" என்று கமிட்டியில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, அன்று மாலையே பேனருக்குச் சொல்லிவிடுகிறோம். ஊர்வலம் நடக்கும், போட்டோ வரும், ஏப்ரலில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. எங்கள் கிளையில் இரண்டு வருஷம் தொடர்ந்து 'பெண்கள் பாதுகாப்பு' என்று எடுத்தோம். யாரிடம் மனு கொடுப்பது, என்ன கேட்பது என்றே கடைசிவரை முடிவாகவில்லை. சந்தா கட்டும் பெண்களின் வாயிலிருந்து வராத பிரச்சினைக்காக அவர்களைத் தெருவில் இறங்கச் சொல்வது நியாயமே இல்லை.

அதனால் முதல் வேலை, கேட்பது. கூட்டத்தில் எழுந்து நின்று "உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்டால் வழக்கமாகப் பேசுகிற மூன்று பேர்தான் பேசுவார்கள். வீடு வீடாகச் சந்தா வாங்கப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "போன வாரம் எதுக்காக அலைஞ்சீங்க? எங்கே மனசு கஷ்டப்பட்டுச்சு?" என்று கேளுங்கள், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் அக்கா ஒருவர் அப்போதுதான், பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே, "கடைக்குப் போனா நான் தண்ணியே குடிக்கிறதில்ல, அங்க பாத்ரூம் கிடையாது" என்றார். ஒன்றரை மணி நேரம் நடந்த கூட்டத்தில் அதைச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் பெரிய பிரச்சினையாக எடுக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் கோழிக்கோட்டைப் பாருங்கள். மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்களைச் சேர்த்து, தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கழிப்பறை கேட்டுத்தான் போராட ஆரம்பித்தது. அப்புறம் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய வைப்பதை எதிர்த்து 'உட்காரும் உரிமை' கேட்டார்கள். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது.

நோட்டில் இருபது, முப்பது விஷயங்கள் சேர்ந்ததும் சலிக்க வேண்டும். இதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? வேலை முடிந்தது என்பதை எதை வைத்துச் சொல்வோம்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் விஷயத்தை இன்னும் நறுக்குங்கள். 'மதுக் கொடுமை' என்பதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். 'பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டாஸ்மாக் கடையை மாற்று' என்றால் கலெக்டர் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்று விதியே இருக்கிறது (சில விலக்குகளும் அதே விதியில் உண்டு, முழுதாகப் படித்துவிடுங்கள்). விவரம் போதவில்லையா, 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு கேள்வியைப் பல சங்கங்கள் கேட்பதே இல்லை: இதை எடுத்தால் அடி யார் மேல் விழும்? பாத்ரூம் இல்லை என்று சொன்ன அந்த ஜவுளிக்கடை அக்காவை முன்னால் நிறுத்தி மனு கொடுத்தால் மறுநாளே அவருக்கு வேலை போகும். பாதிக்கப்பட்டவர் சம்மதிக்கவில்லையென்றால், எவ்வளவு நியாயமான விஷயமானாலும் அவர் பெயரையோ கடையின் பெயரையோ வெளியே விடாதீர்கள். ஊரில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து, அங்கே வேலை பார்க்காத நாம் கேட்கலாம். குடும்ப வன்முறை, பாலியல் தொல்லை மாதிரி விஷயங்களில் இன்னும் பத்து மடங்கு கவனம் வேண்டும்.

சலித்த பிறகு மூன்று மிஞ்சினால் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள விமென்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கத்தில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு: உறுப்பினர்கள் அனுப்பும் தீர்மானங்களைச் சுருக்கி, கிளைகளில் விவாதித்து, ஆண்டுக் கூட்டத்தில் ஆதரித்தும் எதிர்த்தும் பேசவிட்டுத்தான் ஓட்டெடுக்கிறார்கள். குப்பைக்கு எதிராக 1954ல் அப்படி நிறைவேறிய தீர்மானத்திலிருந்துதான் 'கீப் பிரிட்டன் டைடி' இயக்கமே பிறந்தது. நாமும் எதிர்த்துப் பேச ஒருவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். தலைவி கடைசியில் பேசட்டும், முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

ஓட்டு ரகசியமாக இருக்கட்டும். கை தூக்கச் சொன்னால் மாமியார் தூக்குவதைப் பார்த்து மருமகள் தூக்குவாள். நாங்கள் திரைக்குப் பின்னால் மூன்று சொம்பு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டி, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தோம்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் யார் உதவியும் இல்லாமல் போட்டார்கள். ஒன்றிரண்டு ஓட்டில் ஜெயித்த விஷயத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், இன்னொரு மாதம் பேசுங்கள்.

தேர்வாகாத விஷயங்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றைச் சொன்னவர்களின் வீட்டுக்குப் போய், ஏன் இந்த வருஷம் எடுக்கவில்லை என்று நேரில் சொல்லுங்கள். அடுத்த வருஷக் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.