மூன்றடி மீன்தொட்டிக்கு லைட் தொங்கவிட ஜிஐ பைப் சட்டம்

தொட்டி விளிம்பில் காலூன்றி நிற்கும் லைட், செடி வெட்டும்போதும் மீன் பிடிக்கும்போதும் கைக்குக் குறுக்கே வரும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. கூரையில் கொக்கி அடிக்கலாமென்றால் வாடகை வீட்டில் விடமாட்டார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் அடித்தால் நிற்காது. ஸ்டாண்டோடு சேர்த்துப் பிடிக்கும் பைப் சட்டம்தான் தோது.

இங்கே தரும் அளவுகள் 90 × 45 × 45 செ.மீ. தொட்டி, 75 செ.மீ. உயர இரும்பு ஸ்டாண்டு, 3 கிலோவுக்கு மிகாத எல்இடி லைட் ஆகியவற்றுக்கு.

சட்டத்தின் அமைப்பு எளிது. தொட்டிக்குப் பின்னால் தரையில் ஊன்றிய இரண்டு நெட்டுப் பைப், அவற்றின் உச்சியிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கை, கைகளின் நுனியை இணைக்கும் ஒரு குறுக்குப் பைப். லைட் குறுக்குப் பைப்பில் தொங்கும். பலர் குறுக்கை விட்டுவிட்டுத் தனித்தனியாக இரண்டு கை மட்டும் வைக்கிறார்கள். மரையில் மாட்டிய எல்போ (இரண்டு பைப்பைச் செங்கோணத்தில் இணைக்கும் மூட்டு) நாளடைவில் பக்கவாட்டில் திரும்பி, லைட் கோணலாகிவிடும். குறுக்குப் பைப் இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், திரும்ப வழியில்லை.

அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்), 6 மீட்டர் நீளம் ஒன்று போதும். கடையிலேயே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். நெட்டு 168.5 செ.மீ. இரண்டு (ஒரு முனையில் மட்டும் மரை), கை 22 செ.மீ. இரண்டு, குறுக்கு 72 செ.மீ. ஒன்று, கைகளுக்கும் குறுக்குக்கும் இரு முனையிலும் மரை வேண்டும். எல்போவின் நடுவிலிருந்து பைப் நுனி வரை ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. எல்போவே எடுத்துக்கொள்ளும். அதைக் கழித்துத்தான் இந்த அளவுகள். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் இந்தக் கழிவை மறக்காதீர்கள். கூடவே எல்போ 4, யு போல்ட் 4, டெஃப்லான் டேப், நெட்டின் அடியில் மாட்ட ஊன்றுகோல் ரப்பர் புஷ் 2, ஒன்றரை மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஒயர் ரோப் 3 மீட்டர், அதற்குரிய கிரிம்ப் குழல்கள் (ரோப்பின் மடிப்பை நசுக்கிப் பூட்டுபவை).

பூட்டும்போது மரையில் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி, கோணம் சரியாக வரும்வரை முறுக்குங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, பிடி தளர்ந்துவிடும். கழற்றிப் புதிதாக டேப் சுற்றி மறுபடி முறுக்குவதே வழி. முழுச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்து முடித்துவிட்டு நிமிர்த்துங்கள்.

சட்டம் ஆடுகிறதென்றால் குறை பெரும்பாலும் கீழேதான். ஒவ்வொரு நெட்டையும் ஸ்டாண்டின் மேல் சட்டத்தில் ஒரு யு போல்ட், கீழ்ச் சட்டத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 45 செ.மீ.யாவது இருக்கட்டும். பைப் தரையில் நிற்பதால் எடை தரைக்குப் போய்விடும். போல்ட்டுக்கு வேலை சாயாமல் பிடிப்பது மட்டுமே. பைப்புக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே 1 செ.மீ. மரத்துண்டு வைத்தால் எல்போவோ பைப்போ கண்ணாடியில் உரசாது. யு போல்ட்டுக்காக ஸ்டாண்டில் துளையிடும் வேலையைத் தண்ணீர் நிரப்பும் முன்பே முடியுங்கள். இந்தத் தொட்டி 180 லிட்டர் பிடிக்கும். நிரம்பிய தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்க்க நினைக்கவே வேண்டாம்.

பெயின்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஜிஐ மேல் எனாமலை நேரடியாக அடித்தால் சில மாதத்தில் தோல்போல உரியும். முதலில் எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), பிறகு பெயின்ட். இறால் வளர்ப்பவர்கள் குறுக்குப் பைப்பையாவது கட்டாயம் பூச வேண்டும், ஏனென்றால் நீராவி படிந்து சொட்டும் துத்தநாகம் இறாலுக்கு ஆகாது. கடல்நீர்த் தொட்டியென்றால் ஜிஐயை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் பைப்புக்குப் போய்விடுங்கள்.

லைட்டின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ரோப், மேலே ஒன்றாகச் சேரும்படி. ஒற்றை ரோப்பில் லைட் முன்பின்னாகச் சாயும். குறுக்குப் பைப்பில் ரோப் வழுக்காமல் இருக்க ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி அதன்மேல் சுற்றுங்கள். நைலான் கயிறும் தூண்டில் நரம்பும் வேண்டாம். முடிச்சு நழுவும், வெப்பத்தில் இளகும். லைட்டை மாட்டும் முன் 5 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை அதே ரோப்பில் ஒரு இரவு தொங்கவிடுங்கள். இந்தச் சோதனையைத் தொட்டி இல்லாத இடத்தில் செய்வது நல்லது.

அடாப்டரைச் சட்டத்தின் மேலே கட்டாதீர்கள். ஸ்டாண்டின் பக்கவாட்டில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும். ஒயர் சாக்கெட்டை விடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். லைட் நேராக 230 வோல்ட்டில் ஓடுவதானால் எர்த் உள்ள மூன்று முனை பிளக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் இரும்புச் சட்டத்தில் அதைத் தொங்கவிடவே கூடாது.

உயரத்தை நீர்மட்டத்திலிருந்து 25 செ.மீ.யில் தொடங்குங்கள். கண்ணாடியில் பாசி வேகமாகப் பிடித்தால் 5 செ.மீ. உயர்த்துங்கள், செடி மெலிந்து நீண்டு வளர்ந்தால் அதே அளவு இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.