எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை. அந்தப் பக்கம், ஆந்திராவில், நகரி, புத்தூர், சித்தூர். இங்கே தறிக்காரத் தெருக்களிலும் ரயில்வே லைனை ஒட்டிய குடியிருப்புகளிலும் மாலையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தருகிற அண்ணன்களும் அக்காக்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்து, இந்த ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டத்திலும் நின்ற மங்கலங்கிழாரின் மண் இது. அந்த வேலையைத் தொடர்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே, நல்ல மனசோடு செய்கிற சில தவறுகளைச் சொல்லியாக வேண்டும்.

அடிக்கடி பார்க்கிற தவறு, பேச்சு அதிகமாகவும் விசாரிப்பு குறைவாகவும் இருப்பது. "கஷ்டப்பட்டுப் படி, கலெக்டர் ஆகலாம்" என்பதை அந்தப் பிள்ளை எத்தனையோ பேரிடம் கேட்டாகிவிட்டது. அப்பா பவர்லூமில் இரவு ஷிப்ட், அம்மா நூல் சுற்றுகிறார், வீட்டில் விண்ணப்பப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஆளாக இருப்பதுதான் முதல் வேலை.

எல்லை ஊர்களில் இது ஏன் உயிர்நாடி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூரும் நகரியும் அந்தப் பக்கமே நின்றன. உறவும் தறியும் கல்யாணமும் இன்றைக்கும் இரண்டு பக்கமும்தான். கூலி எங்கே கூடக் கிடைக்கிறதோ அங்கே குடும்பம் போகும். ஏழாவது படிக்கிற பிள்ளை இரண்டு வருஷம் நகரியில் படித்துவிட்டு மறுபடி பள்ளிப்பட்டுக்கு வரும். குடும்பத்துக்கு அது பக்கத்து ஊர். அரசு ஆவணத்துக்கு அது வேறு மாநிலம்.

அந்த இரண்டு வருஷத்தின் விலை என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் பார்க்கிறது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் அதன் சட்டத்தைத் திருத்தியபிறகு பள்ளிப்படிப்பு முழுவதுமே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நடுவில் இரண்டு வருஷம் தெலுங்கு வழி என்றால், போச்சு. பொறியியல் கலந்தாய்வில்கூட, 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. இடையில் ஒரு வருஷம் வெளியே படித்திருந்தாலும் அதை வாங்க அலைய வேண்டும்.

ஆந்திராவிலேயே தங்கிவிடுகிற பிள்ளைக்கு அங்கேயும் கணக்கு உண்டு. உயர்கல்விச் சேர்க்கையில் 85 சதவீத இடம் உள்ளூர் மாணவர்களுக்கு. தகுதித் தேர்வு (பன்னிரண்டாவது போன்றது) எழுதும் வருஷத்தோடு சேர்த்துத் தொடர்ந்து நான்கு வருஷம் அந்தப் பகுதியில் படித்திருப்பது அதற்கு முக்கியமான அளவுகோல். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் படித்த பிள்ளை இரண்டு பக்கமும் வெளியாளாக நிற்கும் அபாயம் இருக்கிறது.

ஆகவே, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்தபிறகு வழிகாட்ட உட்காருவது பெரிய தவறு. ஐந்தாவது முடிக்கும்போதே பெற்றோரிடம் பேசுங்கள். "நீங்கள் வேலைக்கு நகரிக்குப் போங்கள், பிள்ளை பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ தங்கி இங்கேயே படிக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடிவு அவர்களுடையது. தெரிந்து எடுக்கட்டும், அவ்வளவுதான்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்தச் சலுகை தானாகக் கூடவே வராது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "எல்லாருக்கும் கிடைக்கும், கவலைப்படாதே" என்று தெரியாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். தாலுகா ஆபீசில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், டிசி இல்லை என்று பிள்ளையைப் பள்ளி வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் தலையாட்டிவிட்டு வருவது. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு டிசி வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக்கூடாது. தலைமையாசிரியரிடம் மரியாதையாக, சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சண்டை வேண்டாம், அந்தப் பள்ளியில்தான் பிள்ளை நாளைக்கும் படிக்க வேண்டும்.

பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவதிலேயே மாலை முழுவதையும் செலவழிக்காதீர்கள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு என்று பேசுகிற பிள்ளையைக் கேலி செய்தால், அது கணக்குச் சந்தேகத்தையும் கேட்காமல் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு மொழி தெரிந்திருப்பது அதற்குக் கிடைத்த சொத்து.

பத்தாவதில் தோற்ற பையனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்னை ரொம்பவும் வருத்துகிற தவறு. தேறிய பிள்ளைகளை மேடையேற்றுகிற நேரத்தில் அவன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. துணைத்தேர்வு கொஞ்ச நாளில் வந்துவிடும். விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள்தான். ரிசல்ட் வந்த அன்றைக்கே முதலில் அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வேலைக்குப் போகிறவனைக் கைவிடுவதும் அதே தவறுதான். ஸ்ரீசிட்டிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ கம்பெனி பஸ் ஏறுகிற பையன் தோற்றுப்போனவன் இல்லை, வீட்டுக் கடனை அடைக்கிறவன். பிஎஃப் பிடிக்கிறார்களா, சம்பளச் சீட்டு தருகிறார்களா, இஎஸ்ஐ அட்டை இருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். ஐடிஐ, தபால்வழிப் பட்டம் பற்றி லீவு நாளில் பேசுங்கள். ஆனால் 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளை தறிப் பட்டறைக்குக் கூலிக்குப் போனால் அதில் சமாதானமே கிடையாது. சட்டம் அனுமதிப்பது சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத உதவியை மட்டும்தான்.

நன்கொடைக்காகப் பிள்ளையின் படத்தையும் "அப்பா குடிகாரர்" என்ற கதையையும் வாட்ஸாப்பில் போடாதீர்கள். தெரு முழுக்க அந்தப் படத்தைப் பார்க்கும். நோட்டு வேண்டுமென்றால் நோட்டு வேண்டும் என்று கேட்டாலே கொடுப்பவர்கள் கொடுப்பார்கள்.

பிள்ளை உங்களை நம்பி ஒரு கொடுமையைச் சொன்னால், "ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். நீங்களும் பிள்ளையோடு தனி அறையில் உட்காராமல், கதவு திறந்த இடத்தில், இன்னொரு பெரியவர் பார்வையில் பாடம் நடத்துங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும். யார் எந்த வகுப்பு, எந்தச் சான்றிதழ் பாக்கி, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, இந்தத் தெருவிலிருந்தே கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணிடமோ பையனிடமோ இப்போதே கொடுத்துப் பழக்குங்கள். அடுத்த முறை தாலுகா ஆபீசுக்குப் போகும்போது அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.