ஹவாய் மொழியில் அன்பைச் சொல்ல

"அலோஹா அவு இயா 'ஒய்" என்றால் "நான் உன்னை நேசிக்கிறேன்". வினை முதலில் வரும், அப்புறம் நான், கடைசியில் உன்னை. தமிழில் கடைசியில் வரும் வினை இங்கே முன்னால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கடைசிச் சொல் ஆளை அதட்டிக் கூப்பிடும் ஓய் இல்லை, மெதுவாகவே சொல்லுங்கள். இன்னும் அழுத்தம் வேண்டுமா, "அலோஹா நோ அவு இயா 'ஒய்" என்று நடுவில் ஒரு "நோ" சேர்த்தால் "நிஜமாகவே நேசிக்கிறேன்" என்றாகிவிடும்.

ஆனால் அலோஹா எல்லாருக்கும் பொதுவான சொல். பார்த்ததும் வணக்கம் சொல்லவும், கிளம்பும்போது விடைபெறவும் அதேதான், அதனால் வெறும் அலோஹாவைக் காதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூடவே "கு'உயிபோ" என்று கூப்பிடுங்கள். "என் காதலே" என்ற பொருளில் ஆணையும் பெண்ணையும் அப்படி அழைக்கலாம்.

நடுவில் நான் போட்டிருக்கும் அந்தச் சிறு குறி அலங்காரத்துக்கு இல்லை. 'ஒகினா என்று பெயர், தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒலி, ஹவாய் எழுத்துமுறையில் அது ஒரு மெய்யெழுத்து. உயிரெழுத்தின் மேல் போடும் கோடு நெடிலைக் காட்டும். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது பெரிய பாடில்லை, ஆனால் விட்டுவிட்டால் வம்பு: "க'உ" என்றால் என்னுடைய, "காஉ" என்றால் உன்னுடைய. மனைவியைக் கொஞ்சுவதாக நினைத்து "காஉ வஹினே" என்றால் "உன் மனைவி" என்று அவரிடமே சொன்னதாகிவிடும்!

இந்த "என்" இரண்டு வகை. கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு "க'உ". பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்களுக்கு "கொ'உ". தேர்ந்தெடுத்தோ பெற்றோ நமக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், பிறப்பிலேயே அமைந்தவர்கள் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். குழப்பமாக இருந்தால் "கு'உ" போடுங்கள், இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், செல்லமும் கூடும். குழந்தையை "கு'உ லெய்" என்றும் கொஞ்சுவார்கள், லெய் என்பது கழுத்தில் போடும் மாலை.

நாம், நாங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு, அதற்கு மேல் "நாம் இருவர்" என்று தனிச் சொல்லே இருக்கிறது: "காஉஅ". "அலோஹா காஉஅ" என்றால் நம் இருவருக்குள் அன்பு இருக்கட்டும் என்று அர்த்தம், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் "அலோஹா காகோஉ". "ஏ ஹோனி காஉஅ" என்றால் முத்தமிடுவோம் என்று அழைப்பு. பழைய வழக்கப்படி ஹோனி உதட்டு முத்தம் இல்லை, நெற்றியும் மூக்கும் தொட்டு ஒருவர் மூச்சை மற்றவர் உள்ளிழுப்பது. முகர்வதற்கும் அதே சொல்தான், உச்சி முகர்வது தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் லெய் போடுங்கள். கன்னத்தில் ஒரு முத்தத்தோடு போடுவது வழக்கம். உங்களுக்கு யாராவது போட்டால் அவர் கண்ணெதிரே கழற்றாதீர்கள், அது மரியாதைக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு முடிச்சிட்ட வளையமாக இல்லாமல் முனை திறந்த லெய் கொடுப்பார்கள்.

கடிதத்தின் கடைசியில் "மே கே அலோஹா", அதாவது அன்புடன். வளையலில் கு'உயிபோ பொறித்துத் தருவது ஹவாயில் ரொம்பப் பிரபலம், ஆர்டர் கொடுக்கும்போது அந்த 'ஒகினா விடுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.