பரணுக்குக் கொண்டுபோகும் சாமான்களின் வாடையைக் குறைத்தல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று வில் வேட்டையும், நவம்பர் 15 அன்று துப்பாக்கி வேட்டையும் தொடங்குகின்றன. உரிமம் பெற்று அங்கே வெள்ளைவால் மானுக்காக மரத்தில் கட்டிய பரணில் காத்திருப்பவர்களில் பலர், உடைகளை மட்டும் கவனமாகத் துவைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் வியர்வை ஊறிய பையையும் வார்களையும் அப்படியே தூக்கிச் செல்கிறார்கள். மானின் மூக்குக்கு எட்டும் வாடையை எந்தத் தெளிப்பானும் அறவே ஒழித்துவிடாது. குறைக்கலாம், அதையும் துவைக்காத சாமான்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதுகுப்பையைக் கவிழ்த்து உதறினால், சென்ற ஆண்டின் ரொட்டித் துணுக்கு, இரத்தம் உலர்ந்த கத்தி, கசிந்த கொசுவிரட்டிக் குப்பி என்று என்னென்னவோ விழும். கத்தியை உறையோடு கழுவி, பையையும் இருக்கைத் திண்டையும் ஆப்பசோடா கரைத்த நீரில் ஊறவைத்து அலசி, சமையலறைப் புகை படாத இடத்தில் வெளிக்காற்றில் உலர்த்த வேண்டும். பரணிலிருந்து விழாமல் நம்மைத் தாங்கும் பாதுகாப்புக் கச்சையை மட்டும் தயாரிப்பாளர் சொன்ன முறையிலேயே சுத்தம் செய்ய வேண்டும்; வெளுப்பான் பட்டால் அதன் இழைகள் வலுவிழக்கக்கூடும்.

உடைகளுக்கு மணமற்ற சோப்பு போதும். ஆனால் சலவை இயந்திரத்திலேயே பழைய வாசனை தங்கியிருக்கும் என்பதால், முதலில் அதை வெறும் வெந்நீரில் ஒருமுறை ஓடவிடுவது நல்லது. வெண்மை கூட்டும் ஒளிர்ப்பான் கலந்த சோப்பையும் தவிர்க்க வேண்டும்; அதன் நீல ஒளிர்வை மான் நன்றாகவே காணும் (இது மூக்கின் கணக்கன்று, கண்ணின் கணக்கு).

துப்பாக்கியைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் கரைப்பான் போட்டுத் துடைப்பது பலருக்கும் வழக்கம். அதைச் சில நாள் முன்பே முடித்துவிட்டால் நெடி ஆறிவிடும். துரு ஏறாதிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கத்தான் வேண்டும். வாகனத்துக்கும் முதல் நாளே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். வேட்டைக் காலணியுடன் பெட்ரோல் நிலையத்தில் இறங்கினால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். தோல் காலணியைவிட ரப்பர் காலணி வாடையைக் குறைவாகவே பிடிக்கும்.

சுத்தமானவை அனைத்தையும் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, காட்டோரம் போய்ச் சேர்ந்த பின்பே அணிய வேண்டும். வாடை நீக்குவதற்கென்று விற்கும் ஓசோன் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கானது, ரப்பரிலும் வெடிப்பு விழச் செய்யும்.

இவ்வளவு செய்தாலும் காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். வெயில் ஏறும்போது காற்று மேட்டை நோக்கி எழும்பும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தில் இறங்கும். ஆகவே காலையில் பொருந்திய பரண் மாலைக்குப் பொருந்தாமல் போகலாம். சிறிதளவு மாவைத் தூவிப் பார்த்து, அது மான் வரும் தடத்தை நோக்கிப் பறந்தால் அன்று வேறு பரணுக்குப் போய்விடுங்கள்.